ஐந்து புள்ளிகள்

கோவையில் இரண்டு பேர் சேர்ந்து தேநீர் அருந்தினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் எந்திரத்தில் வந்து நிற்கும். சிறுவாணித் தண்ணீரின் சுவையில் தொடங்குபவர்கள், அதை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாருக்கு வந்து சேர்வார்கள். சம்பந்தி வீட்டு நலம் விசாரிப்பவர்கள், அவர்களுடைய வார்ப்பாலைக்கு இந்த ஆண்டு எத்தனை ஆர்டர் வந்தது என்பதில் முடிப்பார்கள். கணபதியில், கடைசல் எந்திரங்களின் ஓசைக்கு நடுவே வளர்ந்தவன் நான். அப்பா டர்னர். மாலையில் அவர் வீடு திரும்பும்போது சட்டையில் எண்ணெய் மணமும், செருப்பின் அடியில் சுருள் சுருளாக இரும்புச் சீவல்களும் ஒட்டிக்கொண்டு வரும். நானும் பிற்காலத்தில் ஒரு பம்புசெட் தொழிற்கூடத்தில் உதிரிப்பாகங்களின் அளவைச் சரிபார்க்கும் பணியில் சேர்ந்தேன். வெர்னியரும் மைக்ரோமீட்டருமே என் கைக்கருவிகள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் காந்திபுரத்தை அடுத்த ஒரு பேக்கரியில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவது வழக்கம். (எங்கள் ஊரில் தேநீர் குடிக்கும் இடத்திற்குப் பேக்கரி என்றுதான் பெயர்.) வங்கியில் பணியாற்றும் நண்பர் ஒருவர், சிறிய பட்டறை ஒன்றை நடத்தும் மூத்தவர் ஒருவர், பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன், அவ்வப்போது வந்துபோகும் இன்னும் சிலர். மூத்தவரை நாங்கள் எல்லோரும் பட்டறை அண்ணன் என்றே அழைப்போம். எங்களைச் சேர்த்துவைத்தது மோட்டார் பந்தயம். யாரும் பந்தயக் கார் ஓட்டியவர்கள் அல்லர். பந்தயத்தின் வரலாற்றுத் துணுக்குகளைச் சேர்ப்பவர்கள். ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர்கள் விடை தேடுவார்கள். விடை தெரியாதவர்கள் தேநீருக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

உலகச் சாம்பியன் போட்டியின் முதல் பந்தயம் எங்கே நடந்தது என்று ஒருவர் கேட்பார். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில், 1950 மே 13 அன்று என்பது விடை. அந்தத் தடம் பந்தயத்திற்கு முன் என்னவாக இருந்தது என்று உடனே அடுத்த கேள்வி வரும். இரண்டாம் உலகப்போர்க் கால விமானத்தளம். அப்படியானால் நம் மாநிலத்தில் அதே போர்க்கால விமானத்தளத்தில் கார்கள் ஓடிய இடம் எது? சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். போர் முடிந்தபின் வெறுமையாய்க் கிடந்த ஓடுபாதையில் 1950களிலிருந்து பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. போர் விட்டுச்சென்ற கான்கிரீட்டைப் பந்தய ஆர்வலர்கள் இரு நாடுகளிலும் ஒரே விதமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

எங்கள் குழுவுக்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு. விடை சொன்னால் போதாது. அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவர் பட்டறை அண்ணன். “அளவு சொன்னா கேஜைக் காட்டணும் சாமி, வாயில சொல்ற அளவுல போல்ட்டு மாட்டாது” என்பார். இந்த விதி இல்லாவிட்டால் எங்கள் கூட்டம் வெறும் அரட்டையாக முடிந்திருக்கும். இந்த விதியால்தான் ஒருமுறை அது சண்டையாகவும் முடிந்தது.

சண்டைக்குக் காரணமான கேள்வி இது: ஆறே கார்கள் ஓடிய ஃபார்முலா ஒன் பந்தயம் எது?

விடை எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீ. நம் நாட்டில் அப்போது நள்ளிரவை ஒட்டிய நேரம். அந்த ஆண்டு அணிகள் இரண்டு நிறுவனங்களின் டயர்களைப் பயன்படுத்தின. ஏழு அணிகள் மிஷலின் டயர்களிலும் மூன்று அணிகள் பிரிட்ஜ்ஸ்டோன் டயர்களிலும் ஓடின. இண்டியானாபோலிஸ் தடத்தின் கடைசி வளைவு, கிண்ணத்தின் ஓரம்போல் சாய்ந்திருக்கும். சாய்ந்த வளைவில் கார் உச்ச வேகத்தில் திரும்பும்போது அது வெளிப்பக்கம் மட்டும் தள்ளப்படுவதில்லை, தரையை நோக்கியும் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் முழுவதையும் டயரின் பக்கச்சுவர் தாங்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் அந்த வளைவில் டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. தன் டயர்கள் அந்த வளைவைப் பந்தயம் முழுக்கத் தாங்கா என்று மிஷலின் நிறுவனமே அறிவித்தது. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கும் திருப்பம் ஒன்றை அமைக்கக் கேட்டார்கள். பன்னாட்டுக் கூட்டமைப்பு மறுத்துவிட்டது. ஞாயிறன்று 20 கார்களும் அணிவகுப்புச் சுற்றில் வந்தன. சுற்றின் முடிவில் மிஷலின் டயர் பூட்டிய 14 கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பணிமனைப் பாதைக்குள் திரும்பிவிட்டன. தொடக்கக் கோட்டில் நின்றவை ஆறு: ஃபெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. பணம் கொடுத்து வந்திருந்த மக்கள் கூச்சலிட்டார்கள். சிலர் தடத்திலேயே பாட்டில்களை எறிந்தார்கள்.

மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம், ரூபன்ஸ் பாரிக்கெல்லோ இரண்டாமிடம், ஜோர்டான் அணியின் தியாகோ மொன்டெய்ரோ மூன்றாமிடம். நான்காமிடம் பெற்றவர் எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன். நான்காமிடத்துக்கு அன்று ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன் வரலாற்றில் இந்தியர் ஒருவர் முதன்முதலாகப் பெற்ற புள்ளிகள் அவை.

“ஆறு பேர்ல நாலாவது வந்தது ஒரு சாதனைங்களா?” என்று வங்கி நண்பர் கேட்டதுதான் தாமதம்.

பட்டறை அண்ணன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “அந்த ஆறு பேர்ல ஒருத்தனா அங்க நிக்கறதுக்கு எத்தனை வருசம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்றார். வங்கி நண்பரும் விடவில்லை. கணக்கு கணக்குதான், 14 பேர் ஓடாத பந்தயத்தின் புள்ளியை ஓடிய பந்தயத்தின் புள்ளியோடு சேர்த்து எழுதுவது எந்தப் பேரேட்டிலும் நியாயமில்லை என்றார். குரல்கள் உயர்ந்தன. பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். அடுத்த இரண்டு ஞாயிறுகள் அண்ணன் வரவில்லை.

அந்த இரண்டு வாரங்களில் நான் ஒன்று செய்தேன். அண்ணன் கேட்ட கேள்விக்கு விடை தேடினேன்: எத்தனை ஆண்டுகள்?

தேடல் என்னை நரேனுக்கு முன்பே கொண்டு சென்றது. அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். ஆகவே வீட்டிலேயே வேகம் இருந்தது. ஆனால் ராலி வேறு, தடப் பந்தயம் வேறு. ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஏறிப் பழக ஓர் இந்தியச் சிறுவனுக்கு அன்று வழி என்ன இருந்தது? வெளிநாட்டில் பயன்படுத்திக் கழித்த கார்களைச் செல்வர்கள் வாங்கிவந்து ஓட்டினார்கள். ஒரு தொழிலதிபர், பழைய என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஒன்றையே கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார். (ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர் யார் என்ற கேள்வியைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஃபார்முலா ஒன் அணி ஒன்றுக்காகச் சோதனை ஓட்டம் ஓட்டிய முதல் இந்தியர் என்றால், 2001இல் ஜாகுவார் அணியின் காரை ஓட்டிய நரேன். அணியின் பெயரை விட்டுவிட்டுக் கேட்டால் சோழவரத்திலிருந்து யாராவது கைதூக்குவார்கள்.) இப்படிக் கார் வாங்க முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். மற்றவர்கள் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

இந்த நிலையை மாற்றியவர் எஸ். கரிவரதன். லட்சுமி மில் குடும்பத்தில் பிறந்தவர். தாமே பந்தய வீரர். 1980களின் பிற்பகுதியில் அவர் ஒரு காரை வடிவமைத்தார். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டகம். மேலே கண்ணாடியிழையாலான உடல். ஓட்டுநருக்குப் பின்னால் மாருதி 800 காரின் எஞ்சின். தெருவில் பால் வாங்கப் போகும் குடும்பம் ஓட்டுகிற அதே 796 சி.சி., மூன்று உருளை எஞ்சின்தான். பழுதானால் உதிரிப்பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்பதால், வென்றவன் பணத்தால் வென்றான் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

இதை வடிவமைப்புத் திறமை என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. இப்படியொரு கார் ஏன் கோவையில் பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஊரில் முதலில் வந்தவை நூற்பாலைகள். ஆலைகளின் எந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஒரு பல்சக்கரம் உடைந்தால் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர்கள் அதை இங்கேயே வார்க்கவும் கடையவும் தொடங்கினார்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. அதையும் இங்கேயே செய்தார்கள். கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கியவர், அவரும் டி. பாலசுந்தரமும் 1937இல் மின்மோட்டாரை இங்கே உருவாக்கிக் காட்டினார்கள். அரை நூற்றாண்டு கழித்து ஒருவர் பந்தயக் கார் செய்ய நினைத்தபோது, குழாய் வளைப்பவரும் பற்றவைப்பவரும் வார்ப்பவரும் கடைசல்காரரும் ஒரே ஊருக்குள் இருந்தார்கள்.

வேகத்தின்மீதான ஆசையும் இங்கே புதிதில்லை. காங்கேயம் காளைகளை இலேசான வண்டியில் பூட்டி 200 மீட்டர், 300 மீட்டர் தொலைவை எத்தனை நொடியில் கடக்கின்றன என்று பார்க்கும் ரேக்ளா பந்தயம் கொங்கு நாட்டின் பழைய விளையாட்டு. நொடியின் பின்னங்களுக்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். என் தாத்தா கார்ப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, “வண்டி சரி, மாட்டைக் காணோமே” என்றது எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் செய்தி.

அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பள்ளியில் படித்த காலம் அது. ஒருநாள் அவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். ஏதோ ரேஸ் காருக்கு என்று சில துண்டுகள் வந்தன, அளவு மிக நுட்பமாகக் கேட்டிருந்தார்கள், மூன்று முறை கடைந்து பார்த்துத்தான் கொடுத்தேன் என்று அம்மாவிடம் சொன்னார். யாருடைய கார், எந்தப் பந்தயம் என்று அவர் கேட்கவில்லை. “பணக்காரங்க விளையாட்டு, நமக்கெதுக்கு” என்பது அவர் எண்ணம். ஆனால் அந்தத் துண்டுகளின் அளவை அவர் சாகும்வரை மறக்கவில்லை. அது எந்தக் காரின் எந்தப் பாகம் என்பதற்கு என்னிடம் கேஜ் கிடையாது. ஆகவே பேக்கரியில் இதை நான் ஒருபோதும் கேள்வியாகக் கேட்டதில்லை.

நரேன் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியில்தான்; திருப்பெரும்புதூருக்கு அருகேயுள்ள தடத்தில். முதல் முயற்சியிலேயே முதல் மூவரில் ஒருவராக வந்தார். 1992இல் பிரான்சு நாட்டின் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 15. 1994இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் ஒரு சாம்பியன் பட்டத்தை இந்தியர் வென்றது அதுவே முதல்முறை. 1996இல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். ஆனால் அந்த வெற்றியைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற சிறிய காரிலிருந்து அடுத்தடுத்துப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். 2010இல் ஃபார்முலா ஒன்னுக்குச் சென்ற இரண்டாவது இந்தியரான சென்னையின் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகியவரே.

2005 மார்ச் 6 அன்று மெல்போர்னில் நரேன் தம் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தை முடித்தபோது 15ஆம் இடம். பெரிய அணிகளின் கார்களோடு போட்டியிட இயலாத மெதுவான கார் அது. மூன்று மாதம் கழித்து இண்டியானாபோலிஸ். மிஷலின் டயர் இல்லாத அணியில் அவர் இருந்தது அவருடைய தேர்வன்று. ஆனால் 72 சுற்றுகள், காரைச் சுவரில் மோதாமல், எஞ்சினைக் கெடுக்காமல் ஓட்டி முடித்தது அவருடைய வேலை.

மூன்றாம் ஞாயிறு அண்ணன் வந்தார். நான் குறித்துவைத்த ஆண்டுகளை வரிசையாகப் படித்தேன். முதல் ஃபார்முலா மாருதிப் பந்தயத்திலிருந்து அந்த ஐந்து புள்ளிகள் வரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். வங்கி நண்பர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “பன்னிரண்டு வருசத்தை ஒத்துக்கறேன். ஆறு காரையும் நீங்க ஒத்துக்கோணும்” என்றார். அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டையும் சேத்தே சொல்லீருவோம்” என்றார். அன்றுமுதல் எங்கள் குழுவில் அந்தக் கேள்வியின் விடையை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்: ஆறு கார்கள், நான்காமிடம், ஐந்து புள்ளிகள். ஆறு கார்களை விட்டுவிட்டுச் சொன்னால் தேநீர்ச் செலவு அவருடையது. ஐந்து புள்ளிகளை ஏளனமாகச் சொன்னாலும் அப்படியே.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. மிகைப்படுத்திச் சொல்பவர்கள் நம் வீரர்களுக்கு நன்மை செய்வதாக நினைக்கிறார்கள். நரேனின் வாழ்க்கையில் மிகைப்படுத்தத் தேவையே இல்லாத செய்திகள் ஏராளம். 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் ஏ1 ஜிபி பந்தயத்தில் இந்திய அணிக்காக அவர் வென்றார். அங்கே எல்லா நாடுகளுக்கும் ஒரே வகைக் கார். ஃபார்முலா மாருதியின் அதே கொள்கை. அதைப் பற்றி எங்கும் அதிகமாகப் பேசுவதில்லை. 2009இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திற்குத் தேர்வாகி, பந்தயம் தொடங்குமுன் பணிமனைச் சுவரைத் தாண்டும்போது தோள்மூட்டு விலகி, ஒரு சுற்றுகூட ஓட்ட முடியாமல் போனார். அவர் இடத்தையும் சேர்த்து இரண்டே பேர் 24 மணி நேரமும் மாறிமாறி ஓட்டி ஏழாமிடம் பிடித்தார்கள். அவர்களுள் ஒருவரான ஆந்த்ரே லாட்டரர் பின்னாளில் அதே பந்தயத்தை மூன்று முறை வென்றார். 2010இல் நரேனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2011 அக்டோபர் 30 அன்று, இந்தியாவில் நடந்த முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய ஒரே இந்தியரும் அவரே, 17ஆம் இடம்.

பொறியியல் படிக்கும் தம்பி ஒருநாள் கேட்டான்: “ஏனுங்ணா, டர்னர் வீட்டுப் பையன் யாராச்சும் இதுல ஓட்டியிருக்காங்களா?” நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கரிவரதனின் கார் விலையைக் குறைத்தது. கதவை முழுவதும் திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. டயருக்கும் எரிபொருளுக்கும் ஊர்ஊராகப் போவதற்கும் ஆகும் செலவு ஒரு கூலிக் குடும்பத்தின் கைக்கு இன்றும் எட்டாதது. அண்ணன்தான் பதில் சொன்னார்: “ஓட்டுறவனை மட்டும் எண்ணுனீன்னா ஒருத்தருமில்ல கண்ணு. வண்டியைச் சுத்தி நிக்கறவங்களையும் எண்ணு.” பதில் தம்பிக்குப் போதவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

செட்டிபாளையத்தில் கரிவரதனின் பெயரால் ஒரு தடம் இருக்கிறது: கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தய வீரராயிருந்த தொழிலதிபர் பி. விஜயகுமார் அமைத்தது, நீளம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். கோவையின் எல்.ஜி.பி. நிறுவனப் பெயர் தாங்கிய ஒற்றை இருக்கைக் கார்கள் தேசியப் போட்டிகளில் அங்கே ஓடுகின்றன. மாருதி எஸ்டீமின் 1300 சி.சி. எஞ்சின் பூட்டியவை அவை. கரிவரதன் காட்டிய வழிதான்.

சென்ற பந்தயத்துக்கு நாங்கள் நால்வரும் சென்றிருந்தோம். வெயில் கடுமை. வங்கி நண்பர் சுற்றுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தம்பி வேலிக்கு அருகே நின்று, டயர் மாற்றும் இளைஞர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறை அண்ணன் மட்டும் தடத்தைப் பார்க்கவே இல்லை. கண்களை மூடிக்கொண்டு நின்றார். கார்கள் எங்களைக் கடந்து போயின.

“மூணாவதா போற வண்டியில ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரியுது” என்றார்.

வங்கி நண்பர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். நாங்கள் அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தோம்.